முடி வளர்ந்த பின் வரவும்

புயல் ஒரு ராத்திரி வந்து, கெடுக்க வேண்டியதைக் கெடுத்துவிட்டு, விடிவதற்குள் போய்ச் சேர்ந்தது. அது கெடுத்ததைச் சரி செய்ய என்று வந்த மையம் அப்படியெல்லாம் அவசரப்படுகிற ரகம் இல்லை. வந்தது, நாற்காலி போட்டது, உட்கார்ந்துகொண்டது.

எண்பத்து நாலாம் வருஷத்துப் புயல். சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டின குப்பங்களில் படகு என்று ஒன்று உருப்படியாக மிஞ்சவில்லை. மிஞ்சின இரண்டொன்றையும் ஓட்டை அடைத்து அடைத்துத்தான் ஓட்டினார்கள். அந்த ஜனங்களைக் கைதூக்கிவிடத் திறந்த இடத்துக்குப் 'புயலால் பாதிக்கப்பட்ட கடலோர மற்றும் ஏரியோர மீனவர் வாழ்வாதார மீட்பு, பயிற்சி, மறுசீரமைப்பு மற்றும் ஒருங்கிணைப்பு மையம்' என்று பெயர். தெலுங்கில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி, அடியில் டைரக்டர் வேதநாயகம் பெயரும் அவர் வாங்கின பட்டங்களும். எல்லாம் தேக்குப் பலகையில் எழும்பி நிற்கிற எழுத்தாக வர வேண்டும். பெயரைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாமா என்று தச்சன் கேட்டானாம். டைரக்டர் பலகையை நீட்டச் சொல்லிவிட்டார்.

மையம் இருந்தது திருப்பதியில். திருப்பதியில் ஏதய்யா கடல் என்று கேட்கிறீர்களா? திறப்பு விழாவிலேயே டைரக்டர் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்.

"கடற்கரையில் ஆபீஸ் வைத்தால் அடுத்த புயலில் ஆபீஸ் போய்விடும். அப்புறம் மீனவனுக்கு யார் கதி? ஆகவேதான் கடலே இல்லாத ஜில்லாவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். இன்னொன்று, ஐதராபாத்திலிருந்து எந்தப் பெரிய மனிதரும் குப்பத்துக்கு வரமாட்டார். திருப்பதிக்கு வராமல் இருக்கவும் மாட்டார். தரிசனம் முடித்து இறங்குகிற வழியில் புயல் சேதத்தைப் பார்வையிட்டுவிடலாம்."

நல்ல கைதட்டல். தட்டினவர்களில் மீன்காரன் ஒருத்தனும் இல்லை. அவர்களுக்கு அழைப்பு போய்ச் சேரவில்லை.

குப்பத்து மீன்காரன் துலுக்காணத்துக்கு அந்த மையத்திலிருந்து வேண்டியது ஒரே ஒரு படகு. அதுவும் மாசி அமாவாசைக்குள் வேண்டும். அந்த அவசரம் என்னவென்றால், ஏரியில் மீனும் எறாவும் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அதைப் பாடு என்பார்கள். எந்த நாளில் எந்தப் பாட்டில் யார் வலை போடுவது என்று ஊர்த்தலைவரான நாட்டாரை வைத்துக்கொண்டு ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. முகத்துவாரத்துப் பாடுதான் இருப்பதிலேயே பெரிசு. அதில் துலுக்காணத்தின் முறை மாசி அமாவாசை. முறை வந்த நாளில் வலையோடு தண்ணீரில் நிற்காதவனின் முறை அடுத்தவனுக்குப் போகும். தொடர்ந்து ரெண்டு முறை தவறினால் பாட்டிலிருந்தே பேர் போய்விடும். அப்புறம் அவன் அடுத்தவன் வலையைக் கூலிக்கு இழுக்க வேண்டியதுதான். துலுக்காணம் போன முறையைப் படகில்லாமல் தவறவிட்டிருந்தான்.

"இந்த வாட்டியும் வுட்டுட்ட, அவ்ளோதான் நைனா வெச்ச பேரு," என்றாள் அவன் பெண்சாதி கன்னியம்மாள். "போ. போயி கால்ல வுழுந்தாவது ஒண்ணு இஸ்துகினு வா."

அவனும் பக்கத்துக் குப்பத்துக் கங்கையாவும் பஸ் ஏறினார்கள்.

மையத்தில் முதல் காரியமாகப் போட்டோ எடுத்தார்கள். துலுக்காணத்துக்குக் கழுத்து வரைக்கும் சுருட்டை முடி, கொடுக்கு மாதிரி மீசை. போட்டோவை அட்டையில் ஒட்டி, மேலே மையத்தின் முத்திரையைக் குத்தி, "இன்று முதல் நீ பயனாளி" என்றார் சூப்பிரண்டு ஞானசிங். சித்தூர்க்காரர். மீனை வறுத்த கோலத்தில் தவிர வேறு கோலத்தில் பார்த்தறியாதவர். பயிற்சி அவர் பொறுப்பு.

"பயிற்சி எதுக்கு சார்? படகு குட்தா போயிகினே இருப்பேன்."

"புயலுக்கு முன்னாடி நீ மீன் புடிச்சது எல்லாம் பயிற்சி இல்லாம புடிச்சது. அதான் இந்தக் கதி. ஏமய்யா, புரியுதா?"

துலுக்காணத்துக்குப் புரியவில்லை. பயிற்சி இல்லாததால்தான் புயல் வந்ததா என்று கேட்க வாயெடுத்தவனைக் கங்கையா காலை மிதித்து அடக்கினான்.

கட்டடத்துக்குப் பின்னால் பயிற்சிக்கென்று ஒரு சிமெண்டுத் தொட்டி. திருப்பதியில் குடிக்கவே தண்ணீருக்குக் குடத்தோடு அலைகிறார்கள், தொட்டிக்கு யார் விடுவது? அது எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. ஞானசிங் அதற்குள் குரோட்டன்ஸ் பூந்தொட்டிகளை வரிசையாக வைக்கச் சொன்னார். "இதெல்லாம் மீன்னு வெச்சுக்க. வீசு வலையை." துலுக்காணம் வீசினான். பூந்தொட்டி ஒன்றிரண்டு உடைந்தது. மீனைக் காயப்படுத்தினான் என்று குறித்துக்கொண்டார்கள். நீச்சல் பயிற்சி பெஞ்சின் மேல். குப்புறப் படுத்துக் கையைக் காலை அடிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து தண்ணீரில் கிடந்தவன் பெஞ்சிலிருந்து தவறி விழுந்து தொலைத்தான். 'பயனாளி மூழ்கினார்' என்று எழுதி, மறுநாளும் படுக்கச் சொன்னார்கள்.

"டேய், நம்பள வெச்சி இன்னாடா பண்றானுங்க?" என்றான் கங்கையா.

"படகு வர்ற வரைக்கும் வாய மூடிகினு படு."

படுத்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் படுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மையத்துக்கு லீவு. திருப்பதியில் இருந்துகொண்டு மலையேறாமல் இருப்பானா ஒருத்தன்? புயலன்றைக்குப் பனைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கன்னியம்மாளின் புடவை முந்தியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு, "வெங்கடேசா, ரெண்டு பேரையும் உசுரோட வுடு, முடி குட்க்கறேன்" என்று துலுக்காணம் கத்தினான். அவர் விட்டார். சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. அவனும் கங்கையாவும் படியேறிப் போனார்கள். தலையும் கொடுத்து மீசையும் கொடுத்து, சந்தனம் பூசிக்கொண்டு, லட்டைத் துணியில் முடிந்துகொண்டு இறங்கினார்கள். புயலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் துலுக்காணத்துக்கு மனசு லேசாக இருந்தது. பாவி, அந்த ஒரு நாளோடு சரி.

மறுநாள் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. ஞானசிங் வந்தார். போட்டோ அட்டையைத் துலுக்காணத்தின் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். எட்ட நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"இது நீ இல்ல."

"நான்தான் சார். மலைக்கிப் போயி குட்த்துட்டு வந்தேன். புயல்ல வேண்டிக்கினது."

"போட்டோல முடி இருக்குது. மீசை இருக்குது. உனக்கு ரெண்டும் இல்ல. குடுக்கறதுக்கு முன்னாடி மையத்துல பர்மிஷன் வாங்கினியா?"

"என் முடி சார்."

"முடி உன்னுதுதான்யா. போட்டோ மையத்துது."

"சார், இவன்தான் துலுக்காணம். நான் சொல்றேன்," என்று கங்கையா முன்னால் வந்தான்.

ஞானசிங் அவன் தலையையும் பார்த்தார். "நீ யாரு முதல்ல? ஒரு மொட்டைக்கு இன்னொரு மொட்டை சாட்சி சொன்னா எந்த ஊர்லய்யா செல்லும்?"

கங்கையா லட்டைப் பிரித்து ஒரு விள்ளல் கொடுத்துப் பார்த்தான். ஞானசிங் கர்த்தரின் பிள்ளை. அதனால் கும்பிடாமல் வாயில் போட்டுக்கொண்டார். விஷயம் டைரக்டர் வரைக்கும் போயிற்று.

டைரக்டர் வேதநாயகம் கோபக்காரர் இல்லை. படித்தவர். எதையும் விளக்கிச் சொல்வார்.

"உட்கார வேண்டாம், நின்றுகொண்டே கேளுங்கள். போட்டோவும் பயனாளியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. போட்டோ மாறவில்லை. மாறியது பயனாளி. ஆகவே தப்பு யார் மேல்? மையத்தின் மேல் இல்லை."

"புதுசா ஒரு போட்டோ புடிச்சிக்கோங்க சாமி," என்றான் துலுக்காணம்.

"புதுப் போட்டோ என்றால் புது ஆள். புயலடித்த அன்று ஏரிக்கரையில் இந்த மொட்டை இருந்ததா? இல்லை. அன்று இல்லாத ஆளுக்கு அந்தப் புயலில் எப்படி உதவுவது? அடுத்த புயலில் வா, முதல் ஆளாகச் சேர்க்கிறேன். இல்லாவிட்டால் முடி வளர்ந்த பின் வா. மையம் எங்கேயும் போய்விடாது."

அது சத்தியமான வார்த்தை. மையம் எங்கேயும் போகாது.

கங்கையா அன்றைக்கே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "இவனுங்க படகும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்" என்று ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். அவன் முறை வர இன்னும் நாள் இருந்தது, அவன் போகலாம். துலுக்காணம் எங்கே போவான்? வராந்தாவிலேயே கிடந்தான். பயனாளி இல்லை என்றானதும் சாப்பாடும் நின்றது. ஏழுமலை என்ற அட்டெண்டர் தன் டிபன் பாக்சில் பாதியைத் தள்ளுவான். ஏழுமலை சித்தூர் ஜில்லாவின் வறண்ட மூலை, சாந்திபுரத்துக்காரன். அவன் ஊரில் மழை பெய்தாலே திருவிழா. "துன்னு அண்ணா. எங்க ஊர்ல தண்ணி இல்லாம சாவுறோம், உனக்குத் தண்ணியால சாவு," என்பான்.

தினமும் காலையில் ஞானசிங் அடிஸ்கேலோடு வருவார். துலுக்காணத்தின் தலையில் வைத்துப் பார்ப்பார். "வளர்ச்சி போதாது." போய்விடுவார். அதற்கிடையில், பயனாளி துலுக்காணம் பயிற்சியிலிருந்து தலைமறைவானார் என்று ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டார்கள். கங்கையா வேறு மாதிரிச் சொல்லியிருந்தும், முத்திரை குத்தின கடிதத்தை நம்பி, புருசன் ஓடிப்போய்விட்டான் என்று கன்னியம்மாள் அலறியடித்துக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் ஓடிப்போனவன் வராந்தாவில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருக்கிறான்.

நேராக ஞானசிங்கின் மேஜைக்குப் போனாள். "தோ குந்திகினு கீறான் எம் புருசன். யாரக் காணோம்னு எழுதுன நீ?"

"அம்மா, இவருதான் உன் புருசன்னு எதை வெச்சு சொல்ற?"

"எதை வெச்சா! மூக்கை வெச்சி, முழியை வெச்சி, ராவெல்லாம் வுடுற கொறட்டையை வெச்சி. பெத்தவளுக்கு அப்புறம் நான்தான்யா பாத்துகினு கீறேன்."

"மூக்கு, முழி எல்லாம் எழுத எடம் இல்லம்மா. அடையாளம்னு ஒரே எடம்தான். அதுல 'சுருட்டை முடி, மீசை'ன்னு எழுதியாச்சு."

கன்னியம்மாளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையைப் புரட்டியிருப்பாள். துலுக்காணம் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். "அமாவாச வர்ற சனிக்கெழம," என்றாள், மூச்சு வாங்க. "நாட்டாரு சொல்லிட்டாரு. வலையோட நின்னா நம்புளுது. இல்லாட்டிப் பேரு போச்சி." சொல்லிவிட்டு அழுதாள். புயலில் வீடு போனபோது அழாதவள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேங்காயெண்ணெய் வாங்கி வந்து அவன் மொட்டையில் அரக்கி அரக்கித் தேய்த்தாள். வளர்ந்து தொலையட்டுமே.

அந்த வெள்ளிக்கிழமை ஐதராபாத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் தரிசனத்துக்கு வருகிறார், இறங்குகிற வழியில் படகு வழங்குகிறார் என்று உத்தரவு வந்தது. மையம் தலைகால் புரியாமல் ஆடியது. லாரியில் ஒரு படகு வந்து இறங்கியது. பச்சையும் மஞ்சளுமாகப் பெயிண்ட். துலுக்காணம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான், அடியைத் தட்டிப் பார்த்தான். நல்ல படகு. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. மையத்தை இன்னும் பெரிய மையமாக உயர்த்தினதால் புதுப் பெயர்ப்பலகையும் வந்தது, பழையதைவிட நீளமாக. பழைய தேக்குப் பலகையைக் கழற்றிக் காய்ந்த தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள்.

எல்லாம் ஆயிற்று. வாங்கிக்கொள்ளப் பயனாளிதான் இல்லை. டைரக்டர் யோசித்தார். போட்டோவைப் பார்த்தார். ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலைக்குச் சுருட்டை முடி, முரட்டு மீசை.

"போட்டோவுக்கு இவன்தான் பொருத்தம். இன்றைக்கு நீ துலுக்காணம்."

"ஐயா, எனக்குக் கடலே தெரியாதுங்க."

"மேடையில் யார் கடலைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள்?"

வெள்ளிக்கிழமை காலையில் ஏழுமலை லுங்கியும் தோளில் வலையுமாகத் தயாராக நின்றான். நிஜத் துலுக்காணமும் கன்னியம்மாளும் கூட்டத்தில். ஜீப் வந்தது. டைரக்டர் மாலையோடு ஓடினார். ஜீப்பிலிருந்து பெரிய அதிகாரி இறங்கினார். பளபளவென்று மொட்டை! சந்தனம் இன்னும் ஈரம் காயவில்லை. மலையில் முடி கொடுத்துவிட்டு நேரே வருகிறார்.

ஒருத்தராவது போட்டோ கேட்க வேண்டுமே! வாட்ச்மேன் சல்யூட் அடித்தான். ஞானசிங் கதவைத் திறந்து பிடித்தார். டைரக்டர் தன் தலையைத் தடவிக்கொண்டு, அங்கே முடி இருப்பதற்காக முதல் தடவையாக வெட்கப்பட்டார். உடனே ஞானசிங்கின் காதில், "துரை மொட்டை. பயனாளி மட்டும் கொண்டை வளர்த்துக்கொண்டு நின்றால் மரியாதையாகவா இருக்கும்? அவனை மொட்டை போடு" என்றார்.

துரை காபி குடித்து முடிப்பதற்குள் தெருமுனை நாவிதரைக் கூட்டி வந்து, ஏழுமலையைத் தொட்டிக்குள் உட்காரவைத்துச் சிரைத்துவிட்டார்கள். மீசையும் போயிற்று. ஏழுமலை கண்ணில் தண்ணீர். அந்தத் தொட்டியில் அதுவரைக்கும் விழுந்த தண்ணீர் அதுதான்.

துலுக்காணம் ஓடி வந்தான். "சார், இப்ப அவனும் மொட்ட, நானும் மொட்ட. அசல் நான்தானே? என்னிய ஏத்துங்க சார்!"

"அவன் மொட்டை ஆபீஸ் உத்தரவு. உன்னுது உன் இஷ்டத்துக்குப் போட்டது. தள்ளு," என்றார் ஞானசிங்.

பெரிய அதிகாரி பேசினார். "மீனவப் பெருமக்களே! இன்று நான் வரிசையில் நிற்காமலே உள்ளே போய் நிம்மதியாகத் தரிசனம் செய்தேன். அப்போது உங்கள் துயரம் நினைவுக்கு வந்தது. புயலில் நீங்கள் எதை இழந்தீர்கள்? படகை, வலையை. நான் எதை இழந்தேன்? இன்று காலை, இதை!" என்று தலையைத் தொட்டுக் காட்டினார். "ஆகவே உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை."

டைரக்டர் கைக்குட்டையால் கண்ணை ஒத்திக்கொண்டார். ஏழுமலை படகை வாங்கிக்கொண்டான். 'துலுக்காணம்' என்று பெருவிரல் வைத்தான். எல்லோரும் கேசரி தின்றார்கள். ஜீப் போயிற்று.

ஏழுமலை நல்லவன். கூட்டம் கலைந்ததும், "அண்ணா, எனக்கு இன்னாத்துக்கு இது? எங்க ஊர்ல இத்த வெச்சி மாட்டுக்குத் தீனி போடலாம். நீ எடுத்துனு போ," என்றான். திரும்பிப் போகிற லாரிக்காரனும் ஒப்புக்கொண்டான். கேட்டில் வாட்ச்மேன் மறித்தான்.

"படகு துலுக்காணத்துது. துலுக்காணம் வந்தாத்தான் வெளிய வுடுவேன்."

"நான்தாம்பா துலுக்காணம்," என்றான் துலுக்காணம்.

"உன்னியத்தான் இல்லேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களே."

"அப்ப நான் துலுக்காணம். கைநாட்டே வெச்சேன்," என்றான் ஏழுமலை.

வாட்ச்மேன் சிரித்தான். "போடா, நீ ஏழுமலை. கூட வேலை செய்யறவன் மூஞ்சி, மொட்ட போட்டா தெரியாம போயிருமா?"

கன்னியம்மாள் தரையில் குந்திவிட்டாள். சனிக்கிழமைக்கு ஒரு ராத்திரி பாக்கி. துலுக்காணம் அந்தப் பச்சை மஞ்சள் படகை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்தான். தொட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்த பலகைக்குப் போய்க் கையால் தட்டினான். தடியான தேக்கு. கணீரென்றது.

"இந்தப் பலகைய எடுத்துனு போவலாமா?"

"அது குப்ப. தாராளமா எடுத்துனு போ," என்றான் வாட்ச்மேன்.

"போட்டோ வேணாமா?"

"குப்பைக்கு எதுக்குய்யா போட்டோ?"

ஏழுமலை ஒரு பக்கம் பிடித்தான். ரெண்டு பேருமாகப் பலகையைக் காளஹஸ்தி பஸ்ஸின் மேல் ஏற்றிக் கட்டினார்கள். மொட்டையைத் தடவிக்கொண்டே ஏழுமலை கையசைத்தான். பஸ் மாறி, நாயுடுப்பேட்டையில் கண்டக்டரோடு சண்டை போட்டு, சூளூர்பேட்டையில் மாட்டுவண்டி பிடித்துக் குப்பம் போய்ச் சேர்ந்தார்கள்.

அமாவாசை விடிந்தது. ஏரிக்கரையில் ஊரே நின்றது. புயலில் உடைந்த கட்டுமரத்தின் கட்டை ரெண்டைத் துலுக்காணம் பலகைக்கு அடியில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். அடுத்த முறைக்காரன் படகோடு தயாராகக் காத்திருந்தான். நாட்டார் வந்தார். துலுக்காணத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாடா துலுக்காணம், முடி குட்த்துட்டியா? நல்லது. நீ பொழச்சி வந்ததுக்குக் குட்க்க வேண்டியதுதான்." அப்புறம் பலகையைக் காலால் தள்ளினார். "மெதக்குதா?"

"மெதக்குது நாட்டாரே."

"வலை கீதா?"

"கீது."

"அப்ப போ. உம் பாடு."

அவ்வளவுதான் விசாரணை. அடுத்த முறைக்காரன் தன் படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டான். திருப்பதியில் இத்தனை நாள் நான்தான் நான்தான் என்று கத்தினவனுக்கு, இங்கே பேசவே வேலை இல்லாமல் போயிற்று.

கன்னியம்மாள் முட்டியளவு தண்ணீரில் நின்று பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மையத்தின் பெயரும், டைரக்டரின் பெயரும், அவர் பட்டங்களும் ஈரத்தில் கறுத்துப் பளிச்சென்று தெரிந்தன.

"எழுத்து மேலயே கீதே. கயிற அவுத்து, பொரட்டிப் போட்டுக் கட்டலாமா?"

துலுக்காணம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, ரெண்டு காலையும் பலகையில் அழுத்தி ஊன்றி ஏறி நின்றான்.

"வேணாம். மேலயே இருக்கட்டும்," என்றான். "நல்லா எழும்ப எழும்பச் செதுக்கி வெச்சிக்கிறானுங்க. கால் வழுக்காது."